காமு கொடுத்த பாட்டில்

மாமியார் காமு பாட்டிலில் கொடுத்த கிணற்று நீரில் சில சொட்டுகளை, மிருதுளா தன் ஆராய்ச்சிக்காகத் தயாரித்த நானோ துகள் கரைசலில் விட்டாள். புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்ந்த கரைசல் ஒளியிழந்தது.

"தண்ணீல ஹைட்ரஜன் சல்பைடுங்கற விஷ வாயு கரைஞ்சிருக்குப்பா."

மாமனார் யக்ஞநாராயணன் எழுந்துவிட்டார். "சேலையூர்ல நாலு வீட்டுக்காரா குடிக்கற கிணறு. இன்னிக்கே மூடச் சொல்லிடறேன்."

அவர் செருப்பைத் தேடிப் போனதும் காமு மருமகளின் கையைப் பிடித்தாள்.

"கிணத்துமேல தப்பில்லைடி. முழங்கால் வலில நான் கிணத்தடிக்கே போகலை. அடுப்புல பாத்திரத்துல இருந்ததை பாட்டில்ல ஊத்திட்டேன். அதுவும் கிணத்துத் தண்ணிதானே."

"வெந்நீருக்கு இப்படி ஆகாதேம்மா."

வெங்காயம்கூடச் சேர்க்காத காமு குரலைத் தாழ்த்தினாள். "முட்டை வேகவெச்ச தண்ணி. எலும்புக்கு டாக்டர் சொன்னார். உன் மாமனாருக்குத் தெரியாது."

வேகும் முட்டையிலிருந்து வருவதும் அதே வாயுதான். மிருதுளா ஓடிப்போய் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வந்து புதிய கரைசலில் சோதித்தாள். கரைசல் நீலமாகவே ஒளிர்ந்தது.

"அப்பா, செருப்பைக் கழட்டிடுங்கோ. பாட்டில்தான் சரியில்லை. கிணறு நன்னா இருக்கு."

பிறகு மாமியாரின் காதருகே குனிந்தாள்.

"பொத்தேரி காலேஜ் கேன்டீன்ல நான் ஆம்லெட் சாப்பிடறதை நீங்களும் சொல்லிடாதீங்கோ."