தாபோடி பாலத்தடியில் 6.8

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு ருக்மிணி தாபோடி பாலத்தடியில் இறங்கினாள். ஆற்றுநீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறதென்று வாரந்தோறும் அளப்பது அவள் வேலை. சாக்கடையும் பட்டறைக் கழிவும் கலந்து தண்ணீர் கறுத்திருந்தது. மீன்கள் இல்லாமல் போய்ப் பல வருடமாகிறது.

மூச்சுத்திணறி இறந்த கணவர் விஸ்வேஸ்வரனின் அஸ்தியை இங்கேதான் கரைத்தாள். ஊரடங்கில் காவிரிக்குக் கொண்டுபோக முடியவில்லை.

கருவியின் முனையை நீரில் விட்டாள். 0.3 காட்டியது. எண் நிலைக்க இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை அவரிடம் மகளைப் பற்றிச் சொன்னாள்.

"அம்மு இப்பல்லாம் சாம்பார்ல வெல்லம் போடறா. புக்காத்துப் பழக்கம். நீங்க இருந்தா பேசாம சாப்ட்டிருப்பேள்."

எண் ஏறி, மீன்கள் வாழக்கூடிய 6.8இல் நின்றது. அவள் பேச்சை நிறுத்தினால் இறங்கிவிடும். வேறெந்தப் பாலத்தடியிலும் இப்படி ஆனதில்லை. கருவியை இருமுறை மாற்றியாயிற்று.

படிவத்தில் 0.3 என்றே எழுதினாள். நல்ல எண்ணைக் கொடுத்தால் ஆற்றை இப்படியே விட்டுவிடுவார்கள்.

கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"ஏன்னா, அடுத்த வாரத்துலேந்து என்னை வேற நதிக்கு மாத்திட்டா. இங்க ஒரு மராத்திப் பொண்ணு வருவா. தமிழ் தெரியாது. அவ பேசினாலும் மூச்சு விடுவேளா?"