அத்தை வீட்டுக் கம்ப்யூட்டர்

விடுமுறை வந்தால் அத்தையின் கம்ப்யூட்டர் படுத்துவிடும்; அவன்தான் போய்ச் சரிசெய்ய வேண்டும். திரையில் என்ன வந்தது என்று கேட்டால், "ஏதோ வந்துச்சுடா, படிக்காம மூடிட்டேன்" என்பாள். இன்று மகளை நீச்சலுக்கு அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அவள் துண்டோடு வாசலில் நின்றாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அத்தைக்கு போன் செய்தான்.

"இன்னிக்கு வர முடியாது அத்தை."

"விளையாடுறியா? காலையிலேயே வந்து உக்காந்துட்டு, உள் ரூம்லேர்ந்து போன் வேற பண்றியா, சோம்பேறி!"

போனில் அத்தைக்குப் பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குரலே கேட்டது.

"வாங்க அத்தை, அவசரமில்ல. முதல்லேர்ந்து மறுபடி சொல்லித் தர்றேன்."

அவன் ஒருநாளும் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. சத்தமில்லாமல் போனை வைத்துவிட்டு மகளை ஸ்கூட்டரில் ஏற்றினான். வழியெல்லாம் சீட்டியடித்தான். அத்தையின் தெருவைக் கடக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.