எல்லாருக்கும் பெரிய எழுத்து

"ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் மாதிரி இருக்கு ராத்தா! சின்னதாக்கப் போனா, 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு சொல்லுது. என்ட மேசையில இருக்கிற கம்பியூட்டருக்கு நான் யாரு, வாடகைக்காரனா?"

மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மேனேஜர் இராமகிருஷ்ணனின் காதில் இது விழுந்தது. குரல், பில் போடுகிற ஸிபானுடையது.

"அந்த ஜெஸ்மினை ஏசுறதுக்கு ஆளில்ல" என்றாள் அவன் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து மேசை ஸுமைரா. "இன்டைக்கு வேலை நிரந்தரமாகுதாம். அதுக்குப் பிறகு நம்மளையும் சேர்த்துப் பூட்டி வைப்பா, பாரு."

தோட்டங்களிலிருந்து தேயிலை ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பும் லொறிக் கம்பெனி அது. கந்தோர் என்று அவர்கள் சொல்லும் அலுவலகம் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ள கலஹாவிலிருந்து வந்த ஜெஸ்மினுக்குத் தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது. நிரந்தரக் கடிதம் இராமகிருஷ்ணனின் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

வேலையில் கெட்டிக்காரிதான். முன்பெல்லாம் புது சிஸ்டம் போடுவதென்றால் கொழும்பிலிருந்து ஆள் வரும். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து போட்டு முடிப்பதற்குள் ஒரு வாரம் கந்தோரே படுத்துவிடும். ஜெஸ்மின் ஒரே கணினியில் எல்லாவற்றையும் சரியாக அமைத்து, அதையே வயர் வழியாக மற்றவற்றுக்கும் அனுப்பிவிட்டாள். போன சனிக்கிழமை எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும்போது தொடக்கி வைத்தாள். திங்கள் காலை வந்து பார்த்தால் எல்லாக் கணினியும் புதிது!

யார் எதைத் திறக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் கூடவே வந்துவிட்டது. அன்றைக்கே ஸிபான் கிரிக்கெட் பார்க்க எதையோ இறக்கப் போக, கணினி முடியாது என்றுவிட்டது. போன வருடம் அப்படி ஒரு கிரிக்கெட்டோடு வந்த வைரஸில்தான் கந்தோரே இருண்டு கிடந்தது.

இவ்வளவும் செய்தவளுக்கு எழுத்தின் அளவு தெரியாமல் போகுமா?

ஜெஸ்மினைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுல விட்ட பிழை எல்லாத்துக்கும் போயிருச்சு. அப்படித்தானே?"

"பிழை இல்ல சேர். வேணும்னுதான் வச்சேன்."

"வேணும்னா? முழுக் கந்தோரும் உங்களை ஏசுது, தெரியுமா?"

"தெரியும் சேர்."

"அப்ப மாத்திடுங்க. ரொம்ப நேரம் பிடிக்குமா?"

"இல்ல சேர். ஒரு இடத்தில மாத்தினா எல்லாத்திலயும் மாறிரும்." ஆனால் அவள் நகரவில்லை. "தை மாசம் வரைக்கும் இப்படியே இருக்கட்டும் சேர்."

"ஏன்?"

ஜெஸ்மின் தரையைப் பார்த்தாள்.

இராமகிருஷ்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"காரணம் சொல்லாம பிடிவாதம் பிடிக்கிற ஆளுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன், ஜெஸ்மின்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி சேர்" என்று கதவுவரை போனாள். அங்கேயே நின்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒருத்தருக்கு மட்டும் பெருசாக்கினா, அது யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும் சேர்."

"என்ன?"

"மாத்திக்க விட்டாலும் அதேதான். ஒவ்வொருத்தரா சின்னதாக்கிக்குவாங்க. கடைசியில ஒண்ணு மட்டும் பெருசா நிக்கும். அதான் பூட்டினேன். தை மாசம் கண் ஒபரேஷன் முடிஞ்சா அவங்களுக்கு இது தேவைப்படாது சேர்."

"யாருக்கு?"

"அதை மட்டும் கேக்காதீங்க சேர்."

இராமகிருஷ்ணன் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பார்த்தார். கடைசி மேசையில் மரியகொறற்றி. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து லொறி நம்பர் பதிகிறவர். கொஞ்ச நாளாகவே மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி குனிந்துகொண்டுதான் இருப்பார். அப்படியும் பிழைக்கு மேல் பிழை. இன்றைக்குக் கதிரையில் முதுகைச் சாய்த்து, தலை நிமிர்ந்து, தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வாரம் கொழும்பிலிருந்து பிழை என்று ஒரு பதிவுகூடத் திரும்பி வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போன மாதக் கூட்டத்தில் தான் கத்தியதும் ஞாபகத்துக்கு வந்தது. 'நம்பரைப் பார்க்கத் தெரியாத கண்ணை வச்சிக்கிட்டு ஒருத்தரும் இங்க வர வேணாம். வீட்டில இருங்க!'

லாச்சியைத் திறந்தார். கையெழுத்து வைத்தார். கடிதத்தை ஜெஸ்மின் கையில் கொடுத்தார்.

"வாழ்த்துக்கள். எழுத்து அப்படியே இருக்கட்டும்."

பிறகு வெளியே வந்தார். ஸிபான் துள்ளி எழுந்தான்.

"சேர், இந்த எழுத்துக்கு ஒரு முடிவு சொல்லுங்க சேர். ஜெஸ்மின் மிஸ் எங்களைப் பாலர் வகுப்பில போட்டுட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மரியகொறற்றியின் விரல்கள் மட்டும் நின்றுவிட்டன.

"அந்தப் பிள்ளையை ஏசாதீங்க. நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்" என்றார் இராமகிருஷ்ணன். "உங்க பின்னால வந்து நின்னா என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியுதில்ல. வயசு போகுதுல்ல?"

சிரிப்பு அடங்கியது. ஸிபானின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவன் திரையில் இருந்ததை எல்லோருக்கும் கேட்க எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.