விரல் பதிந்த இடம்

பெரிய வியாழன் மாலைப் பூசையில், பாதம் கழுவ உட்கார்த்தியிருக்கும் பன்னிரண்டு பேரில் பிலோமினாவின் கணவர் சவரிநாதனும் ஒருவர். சாமியார் அவர் காலை ஏந்திக் கழுவி, அழுத்தித் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்கிறார். கட்டைவிரல் பதிந்த இடம் குழிந்து, மெழுகுத்திரி வெளிச்சத்தில் நிழல் கட்டி நிற்கிறது. பெண்கள் பக்கம் முதல் வரிசையிலிருந்து பிலோமினா அந்தக் குழியையே பார்க்கிறாள். கணவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த அன்றே டாக்டர் இவளிடம் சொன்னார்: "மிஷின் துடிப்பைக் காப்பாத்தும்மா. ஆனா வருஷம் போகப்போக இதயமே தளர்ந்துடலாம். கால் வீங்குதான்னு அழுத்திப் பாருங்க, குழி விழுந்தா உடனே கூட்டிட்டு வாங்க." இவளோ தினமும் அவர் நாடியைத்தான் பிடித்துப் பார்த்தாள், அது ஒருநாளும் பிசகவில்லை. "மிஷின் ஜம்முனு ஓடுது, இன்னாத்துக்குடி பயப்புடுற?" என்பார் சவரிநாதன். பாட்டு ஓய்கிறது. குழி இன்னும் மேலெழவில்லை. சவரிநாதன் தலைநிமிர்ந்து இவளைப் பார்க்கிறார். பார்த்தபடியே வேட்டியை இறக்கி அந்தக் காலை மூடிக்கொள்கிறார்.