முழங்கால் அளவு தண்ணீர்

ஆற்றைக் கடக்கும் வழியை யானை கரைப் பாறையில் எழுதி வைத்திருந்தது: “முழங்கால் அளவு தண்ணீர்தான். பயப்படாமல் இறங்கவும்.”

அதை நம்பி இறங்கிய முயல், மூச்சுத் திணறித் தத்தளித்துக் கரைக்குத் திரும்பியது.

“நான் எழுதினதுல என்ன தப்பு? முழங்கால் அளவுதானே?” என்றது யானை.

“யாரோட முழங்கால் அண்ணே?” என்று நடுங்கிக்கொண்டே கேட்டது முயல்.

மறுநாள் யானை பாறையடியில் கரித்துண்டுகளை வைத்து, எல்லாரையும் தங்களுக்குத் தெரிந்த வழியை எழுதச் சொன்னது. ஆற்றில் சற்று மேலே தாண்டிப் போகக் கல்வரிசை இருப்பதை முயல் எழுதியது. அதில் மூன்றாவது கல் ஆடுகிறது என்று நரி சேர்த்தது. யானையின் வரியை முள்ளம்பன்றி அடித்தே விட்டது. யானைக்கு வருத்தம்தான், ஆனாலும் தடுக்கவில்லை.

ஒருநாள் குட்டியோடு வந்த மான் அதைப் படித்து, நனையாமல் அக்கரை சேர்ந்தது.

“இதை எழுதினது யாரு?” என்று அங்கிருந்து கேட்டது.

“கரையேறினவங்க எல்லாரும்தான்” என்றது யானை.