யார்டு தாண்டிய பேச்சு

கிரேன் கூண்டுக்குள் சாய்வெயிலில் கண் கூசுகிறது. கிரேன்காரர் வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தி, லாரி ஓட்டும் தன் தங்கை புருஷனை வழக்கம்போல வாருகிறார்: "மாப்பிள்ளை இன்னும் வந்து சேரல. இந்த ஆமையை நம்பித் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" கீழே ஹெல்மெட்டுகள் சிரிப்பில் குலுங்குகின்றன. விரலை எடுத்த பிறகுதான் அவருக்கு உறைக்கிறது. இதுவரை யார்டு மதிலோடு நின்றுவிட்ட இந்தச் சேனலை இன்று காலையில்தான் லாரிக்காரர்களின் செல்போன்களோடு இணைத்திருக்கிறார்கள். இனி இங்கே பேசுவது நெடுஞ்சாலையிலும் கேட்கும். கொக்கியில் தொங்கும் இரும்புக்குழாய் மெல்ல ஆடுகிறது. கர்ரென்று ஓர் இரைச்சல். பிறகு மாப்பிள்ளையின் குரல், காதோடு பேசுவது போலத் தெளிவாக: "கேக்குது மச்சான். உங்க தங்கச்சியும் பக்கத்துலதான் உக்காந்திருக்கா."