மறைக்காத வீடு

காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர் ரஹமத்துன்னிசா, வேங்கிக்காலில் ஆட்டோக்காரன் வல்லரசுவின் வீட்டு வாசலில் எடை மிஷினை வைத்தார். வல்லரசு ஏறி நின்றான்.

"எழுபத்திரண்டு. எடை குறையவே இல்ல. மாத்திரையத் தினம் முழுங்கறாராம்மா?"

"என் கண்ணு முன்னாலதாங்க" என்று காலி அட்டைகளைக் காட்டினாள் அவன் மனைவி அருணாதேவி.

"எத்தினி தடவ படம் காட்டிப் பேசினாலும் ஜனங்க வியாதிய மறைக்கிறாங்க. நீங்க ஒரு வீடுதான் மறைக்காம வந்து சொன்னீங்க. மீட்டிங்ல உங்களப் பத்திதான் பேசப்போறேன்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "பெத்த புள்ளையாச்சே, என்ன பண்றது? இதே மருமகளுக்கு வந்திருந்தா அன்னிக்கே அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டிருப்பேன்."

ரஹமத்துன்னிசா அடுத்த தெருவுக்குப் போனதும், வல்லரசு சமையலறைக் கதவைச் சாத்தினான். புது அட்டையிலிருந்து ஐந்து மாத்திரைகளைப் பிரித்து, தண்ணீர்ச் சொம்போடு அருணாதேவியிடம் நீட்டினான். போன மாதம் அவன் பெயரில் சோதனைக்குப் போன சளி அவளுடையது.

"கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?"

"சூடா இருக்கும். வெளிய அத்தைக்குக் கேக்கப் போவுது" என்றபடி அவள் ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

அந்த ஐந்தும் எழுபத்திரண்டு கிலோ உடம்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவை என்பது இருவருக்கும் தெரியாது. அருணாதேவி முப்பத்தெட்டு கிலோ.